ஏழைகளின் தந்தை புனித வின்சென்ட் தே பவுல்



ஜூபிலி மலரில் புனிதர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, யாரைப் பற்றி எழுதுவதென்று நாம் அதிக நேரம் யோசிக்கவில்லை. சென்ற திருவிழாவுக்கு மறுநாள் கண்ட காட்சி ஒன்று அதை முன்பே தீர்மானித்துவிட்டது. பந்தியில் மிஞ்சிய சோறு ஓர் அண்டா நிறையப் புளித்துப்போய், கோயில் தோட்டத்துக் குழியில் கொட்டப்பட்டது. அதே வாரத்தில், படுத்த படுக்கையாய்க் கிடந்த முதியவர் ஒருவருக்கு நற்கருணை கொண்டு சென்றோம். அவர் வீட்டு அடுப்பில் இரண்டு நாளாய் நெருப்பில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. நம் பங்கு மக்களுக்குக் கொடுக்க மனமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஓரிடத்தில் சோறு வீணாயிற்று. இன்னோரிடத்தில் ஒருவர் பட்டினி கிடந்தார். இந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்பதை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு, அதற்கு மருந்தும் கண்டவர் புனித வின்சென்ட் தே பவுல். அவருடைய வரலாற்றையே இங்கு சுருக்கமாகத் தருகிறோம்.

பிரான்சு நாட்டின் தென்மேற்கே, தாக்ஸ் நகருக்கு அருகிலுள்ள பூய் என்னும் சிற்றூரில் 1581ஆம் ஆண்டு வின்சென்ட் பிறந்தார். சிறு குடியானவர் குடும்பம். ஆறு பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். ஆடுகளையும் பன்றிகளையும் மேய்த்து வளர்ந்தவர். பிள்ளையின் புத்திக்கூர்மையைக் கண்ட தந்தை அவரைத் தாக்ஸ் நகரில் படிக்க வைத்தார். பின்பு துலூஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதற்காக ஒரு ஜோடி உழவு மாட்டையே விற்றார் என்பர். அந்தத் தந்தை ஏழை; சற்று நொண்டி நடப்பவர்; கிழிசல் உடுத்தியவர். பள்ளிக்கு வந்த அவரைத் தம் தந்தை என்று சொல்லிக்கொள்ளவும் அந்த நாளில் வின்சென்ட் வெட்கப்பட்டார். முதுமையில் தம் சபையாரிடம் இதைத் தாமே சொல்லி வருந்தினார் என்பதால்தான் நாமும் இதை அறிகிறோம். ஏழைகளின் தந்தை எனப் போற்றப்படுபவர், ஏழைத் தந்தையைக் கண்டு நாணியவராகத்தான் வாழ்வைத் தொடங்கினார்.

1600ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் அவர் குருப்பட்டம் பெற்றார். வயது இருபதுகூட நிறையவில்லை. இருபத்துநான்கு வயதுக்கு முன் குருப்பட்டம் கூடாது என்று திரிதெந்தீன் சங்கம் முன்பே விதித்திருந்தும், அந்நாளில் பிரான்சில் அவ்விதி சரிவரக் கடைப்பிடிக்கப்படவில்லை. இளம் குருவின் எண்ணமெல்லாம் நல்ல வருமானமுள்ள ஒரு பதவியைப் பெற்று, குடும்பத்தின் வறுமையைத் தீர்த்து, நிம்மதியாய் வாழ வேண்டும் என்பதே. 1610இல் தம் தாய்க்கு எழுதிய கடிதத்திலும் இந்த ஆசை வெளிப்படுகிறது. இதைப் படித்து நாம் இடறல்பட வேண்டியதில்லை. புனிதர்கள் பிறக்கும்போதே ஒளிவட்டத்தோடு பிறப்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

1608இல் பாரிஸ் மாநகரை அடைந்த வின்சென்ட், 1612இல் கிளிஷி என்னும் ஊரின் பங்குக் குருவானார். அங்கு எளிய மக்களோடு வாழ்ந்த மகிழ்ச்சியை அவர் கடைசிவரை மறக்கவில்லை. மறு ஆண்டு கோந்தி என்னும் பிரபுவின் மாளிகையில் பிள்ளைகளுக்கு ஆசிரியராகச் சேர்ந்தார். வசதிக்குக் குறைவில்லை, உள்ளத்தில் அமைதிதான் இல்லை. 1617இல் மாளிகையை விட்டு, தென்கிழக்கே ஷத்தியோன் என்னும் சிற்றூருக்குப் பங்குக் குருவாய்ச் சென்றார். அவருடைய வாழ்க்கை திசை திரும்பியது அங்கேதான்.

ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. திருப்பலிக்குத் திருவுடை அணிந்துகொண்டிருந்தவரிடம் பெண்மணி ஒருவர் வந்து, ஊருக்கு வெளியே ஒரு குடும்பத்தில் அனைவரும் நோயாய்க் கிடக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை என்று தெரிவித்தார். அன்றைய பிரசங்கத்தில் வின்சென்ட் அந்தக் குடும்பத்துக்காக மனமுருகி வேண்டினார். மாலையில் தாமும் அந்த வீட்டை நோக்கி நடந்தபோது வழியெல்லாம் பெண்கள் கூட்டம் கூட்டமாய்ப் போவதையும் வருவதையும் கண்டார். கோடை வெயில் தாங்காமல் சிலர் பாதையோரம் உட்கார்ந்து இளைப்பாறினர். ரொட்டி, இறைச்சி, ரசம் எனப் பலவும் அந்த வீட்டில் வந்து குவிந்திருந்தன.

வேறொருவராய் இருந்தால் தம் பிரசங்கத்தின் பலனைக் கண்டு மகிழ்ந்திருப்பார். வின்சென்ட் கவலைப்பட்டார். இன்று இவ்வளவும் தின்று தீராது; மீதி கெட்டுப்போகும்; நாளை மறுநாள் இவர்கள் மறுபடியும் பட்டினி கிடப்பார்கள் என்பது அவருக்குத் தெளிவாய்ப் புரிந்தது. அன்புக்கு அங்கே பஞ்சமில்லை. முறைதான் இல்லை.

சில நாட்களுக்குள் அவ்வூர்ப் பெண்களை அவர் ஒன்றுகூட்டினார். ஒருவர் ஒரு நாள் என்று முறை வைத்துச் சமைத்து, நோயாளிகளின் வீட்டுக்குக் கொண்டு செல்வதென்று முடிவாயிற்று. அதற்கான ஒழுங்குமுறையை வின்சென்ட் எழுத, 1617 நவம்பர் 24ஆம் நாள் லியோன் மறைமாவட்டத்தின் அங்கீகாரம் கிடைத்தது. அமலோற்பவ அன்னையின் திருநாளான டிசம்பர் 8இல் சபை முறையாய் நிறுவப்பட்டது. அன்புச் சபை என்று அதற்குப் பெயர்.

இந்த ஒழுங்குமுறையைப் பங்கு மக்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டும் என்பது நம் ஆவல். தலைவி யார், கணக்கு யார் கையில் என்பதெல்லாம் அதில் உண்டு. இவை எந்தச் சபைக்கும் உள்ளவைதாம். அதற்கு மேலும் அவர் எழுதினார். முறைக்காரப் பெண் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்ததும் நோயாளிக்கு முகமலர்ச்சியோடு வணக்கம் சொல்ல வேண்டும். கட்டிலின் மேல் பலகை வைத்து, அதில் வெள்ளைத் துணி விரித்துப் பரிமாற வேண்டும். கை கழுவத் தண்ணீர் கொடுக்க வேண்டும். இறைச்சியை வெட்டித் தர வேண்டும். பெற்ற பிள்ளைக்குத் தாய் செய்வது போல் அனைத்தையும் செய்ய வேண்டும். பல வீடுகளுக்குப் போகும் நாளில், துணைக்கு ஆள் உள்ள நோயாளியின் வீட்டுக்கு முதலில் செல்ல வேண்டும். ஒருவரும் இல்லாத நோயாளியைக் கடைசியாய் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அவரருகே அதிக நேரம் உட்கார முடியும். சோறு மட்டும் அன்று, கூட இருப்பதும் தருமமே என்பதை இந்த ஒரு விதி நமக்குக் கற்பிக்கிறது.

கோந்தி குடும்பத்தாரின் வேண்டுகோளை ஏற்று அவ்வாண்டின் இறுதியிலேயே வின்சென்ட் பாரிசுக்குத் திரும்ப நேர்ந்தது. ஆனால் அன்புச் சபைகள் ஊர் ஊராய்ப் பெருகின. நாட்டுப்புற மக்களுக்கு ஞானப் பணி செய்ய 1625இல் குருக்களுக்கென ஒரு சபையையும் அவர் நிறுவினார். பாரிஸ் நகரில் அன்புச் சபை பரவியபோது புதிய சிக்கல் ஒன்று தோன்றியது. சீமாட்டிகள் ஆர்வத்தோடு சேர்ந்தார்கள். நாளடைவில், தங்கள் முறை வந்ததும் வேலைக்காரிகளை அனுப்பத் தொடங்கினார்கள். பணம் வந்தது, பானையும் வந்தது, கொடுக்க வேண்டியவர் வரவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவர் மார்கரித் நசோ என்னும் மாடு மேய்த்த பெண். வழிப்போக்கரிடம் எழுத்துக்களைக் கேட்டுக் கேட்டுத் தானே படிக்கக் கற்று, பிற சிறுமிகளுக்கும் கற்பித்தவர். நோயுற்ற ஏழைகளுக்கு ஊழியம் செய்யத் தாமே முன்வந்தார். கொள்ளைநோய் கண்ட பெண் ஒருவரைத் தம் படுக்கையிலேயே படுக்கச் செய்து, அந்நோய் தமக்கும் தொற்றி 1633இல் உயிர்நீத்தார். அவர் வழியில் வந்த நாட்டுப்புறப் பெண்களைக் கொண்டு, அதே ஆண்டு நவம்பர் 29இல், புனித லூயிஸ் தே மரியாக் அம்மையாருடன் சேர்ந்து பிறரன்புப் புதல்வியர் சபையை வின்சென்ட் தொடங்கினார். கன்னியர் என்றால் மடத்து மதிலுக்குள் அடைந்திருப்பவர் என்றிருந்த காலத்தில், இவர்கள் தெருவில் இறங்கி ஏழைகளின் வீடுகளுக்கு நடந்தார்கள்.

பிறகு போர்க்காலம் வந்தது. முப்பதாண்டுப் போரில் லொரேன் நாடு பாழாயிற்று. 1639 முதல் அங்கு ரொட்டியும் ரசமும் துணியும் பணமும் சென்று சேர வின்சென்ட் ஏற்பாடு செய்தார். மத்தேயு என்னும் சகோதரர் பணப்பையைச் சுமந்து, கொள்ளையர் நடுவே ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை போய் வந்தார். 1648இல் பிரான்சிலேயே உள்நாட்டுக் கலகம் மூண்டது. 1652இல் பாரிஸ் நகரில் நாள்தோறும் ஏறத்தாழ 15,000 ஏழைகளுக்கு ரசம் வார்க்கப்பட்டது. அக்காலத்தில் பாரிஸில் தருமக் களஞ்சியம் ஒன்றும் ஏற்பட்டது. பணமில்லாதவர்கள் பொருளாகவே கொடுத்தவற்றை ஓரிடத்தில் சேர்த்து, பாழடைந்த ஊர்களுக்கு அங்கிருந்து அனுப்பினார்கள்.

இவ்வளவும் செய்தவர் 1660 செப்டம்பர் 27ஆம் நாள் விடியற்காலையில், நாற்காலியில் அமர்ந்தவாறே இறைவனடி சேர்ந்தார். 1737இல் பன்னிரண்டாம் கிளமெந்து பாப்பரசர் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். பிறரன்புச் சபைகள் அனைத்துக்கும் அவரே பாதுகாவலர் என்று 1885இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் அறிவித்தார்.

அவர் மூட்டிய அடுப்பு அவரோடு அணைந்துவிடவில்லை. 1833இல் பாரிஸ் மாணவர் பிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும் அவர் பெயரால் தொடங்கிய சபையே இன்று நம் பங்குகளில் நாம் காணும் வின்சென்ட் தே பவுல் சபை. அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்து வின்சென்ட் தே பவுல் உணவுக்கூடத்தில் தொண்டு செய்து வந்தவர் ஜான் வான் ஹெங்கல். கடைகளிலும் தோட்டங்களிலும் நல்ல உணவு வீணாவதைக் கண்டு, புனித மரியாள் ஆலயப் பங்கு தந்த பழைய கட்டடத்திலும் சிறு தொகையிலும் 1967இல் உணவு வங்கி ஒன்றைத் தொடங்கினார். மிஞ்சுபவர் போட்டு வைக்க, இல்லாதவர் எடுத்துக்கொள்ளும் வங்கி. உலகின் முதல் உணவு வங்கி அதுவே என்பர். நம் தமிழ் மண்ணிலும் வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. நாடும் சமயமும் வேறானாலும் கண்ட உண்மை ஒன்றே. பசி தினமும் வருகிறது. ஆகவே சோறும் தினமும் வர வேண்டும்.

இனி நம் காரியத்துக்கு வருவோம். சுமந்து கொடுப்பது என்றால் என்னவென்று மலை மக்களாகிய நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெள்ளகவியை நினைத்துப் பாருங்கள். 1821இல் வார்டு என்னும் ஆங்கிலேய அளவையாளர் அங்கே தங்கித்தான் கொடைக்கானலுக்கு ஏறினார். அவ்வளவு பழமையான ஊர். ஆனாலும் தலைமுறை தலைமுறையாய் வட்டக்கானலிலிருந்து இறங்கியோ, கும்பக்கரையிலிருந்து ஏறியோ கால்நடையாகவே அங்கு போய்ச் சேர்ந்தார்கள். அரிசியும் உப்பும் குதிரை முதுகிலோ தலைச்சுமையாகவோதான் போயின. அவ்வூர் எல்லைக்குள் செருப்பணிந்து நடப்பதில்லை என்ற வழக்கமும் உண்டு. வீடுகளும் கோயில்களும் அங்கே கலந்தே நிற்கின்றன. ஊர் முழுவதும் புனித பூமி என்பது அவர்கள் நம்பிக்கை. ஏழையின் வீட்டு வாசலை நாம் எந்த மனத்தோடு மிதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமோ? ஏழைகளே நம் எசமானர்கள் என்று வின்சென்ட் ஓயாமல் போதித்ததும் இதுவே அன்றோ!

ஆதலால் இந்த ஜூபிலி ஆண்டில் பங்கு மக்கள் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, ஜூபிலி விருந்துக்கென வசூலாகும் தொகையில் பாதியை விருந்துக்குச் செலவிட்டு, மறுபாதியை ஆண்டு முழுவதற்கும் நிறுத்தி வைப்போம். பந்தியில் ஒரு கூட்டும் ஒரு பாயசமும் குறைவதால் நம் மகிழ்ச்சி குறைந்துவிடாது. இரண்டாவது, நம் பாட்டிமார் காலத்துப் பிடி அரிசிக் கலயம் மறுபடியும் ஒவ்வொரு அடுப்படிக்கும் வரட்டும். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துப் போட்டு, ஞாயிறுதோறும் கோயில் தாழ்வாரத்தில் உள்ள பீப்பாயில் சேர்ப்போம். மூன்றாவதுதான் கடினமானது. யார் யார் எந்த நாள் என்று முறைப் பட்டியல் ஒன்று எழுதப்படும். அதில் பெயர் கொடுப்பவர் தம் நாளில் தாமே போக வேண்டும். வேலையாளையோ பிள்ளையையோ அனுப்பக் கூடாது. போகும் வீடு நம் வேதத்தாருடையதா என்று கேட்கவும் கூடாது. ஆளில்லாத வீட்டுக்குக் கடைசியாய்ப் போய், அங்கே சற்று உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்.

திங்கட்கிழமை முறை நம்முடையது என்று பட்டியலின் முதல் வரியில் எழுதிவிட்டோம். அடுப்பு அணைந்து கிடந்த அந்த வீட்டுக்கு இரண்டு நாள் பிந்திப் போன குறை நம்மைச் சேர்ந்தது. அதற்கு இதுவே நாம் செய்யும் பரிகாரம். மீதி ஆறு நாட்களும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.

ஐந்து அப்பங்களைப் பகிர்ந்தளித்தபின், மிஞ்சிய துண்டுகளும் வீணாகாதபடி கூடைகளில் சேர்க்கச் செய்த நம் ஆண்டவர், புனித வின்சென்ட் தே பவுலின் மன்றாட்டால், கொடுக்கும் நம் கைகளையும் நடக்கும் நம் கால்களையும் ஆசீர்வதிப்பாராக!