முதல் படம் கைகொடுக்கல... ஆனா குரல் கைவிடல! - தூத்துக்குடி தந்த சந்திரபாபுவின் கதை

தூத்துக்குடின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மக்ரூன், உப்பளம், துறைமுகம், ராத்திரி சாப்பிடுற பொரிச்ச பரோட்டா. முத்துக்குளிக்கிற கடற்கரைன்னு பாடப்புத்தகத்துல படிச்சிருப்பீங்க. அதே கடற்கரையில பிறந்த ஒருத்தரோட குரல் இன்னிக்கும் உங்க போன்ல ஓடிக்கிட்டிருக்கு. ஸ்க்ரோல் பண்ணும்போது 'குங்குமப்பூவே' பாட்டு வந்தா ரெண்டு செகண்ட் நின்னு கேட்டிருப்பீங்கல்ல? அந்தக் குரல்தான். ஜே.பி.சந்திரபாபு.

முதல் வீடியோவே வைரலாகணும், முதல் இன்டர்வியூவுலயே வேலை கிடைக்கணும்னு நாம எல்லாருமே ஆசைப்படுறோம். கிடைக்கலைன்னா, நமக்கு இது வராது போலன்னு ஒதுங்கிடுறோம். சந்திரபாபுவின் தொடக்கம் எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சா, அந்த முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போடுவீங்க.

மாதா கோயிலும் சந்திர குலமும்

1927 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் தூத்துக்குடியில் பிறந்தார். பரதவர் சமூகத்துக் கத்தோலிக்கக் குடும்பம். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் இந்தக் கடற்கரைக்கு வந்தபோது கிறிஸ்தவத்தைத் தழுவியவர்கள் பரதவர்கள். அதனால்தான் இந்த ஊரில் இன்றும் தெருவுக்குத் தெரு போர்ச்சுக்கீசியக் குடும்பப் பெயர்களைப் பார்க்கலாம். சந்திரபாபுவின் அப்பா பெயர் ஜே.பி.ரோட்ரிக்ஸ்.

ஊரின் பெரிய திருவிழா பனிமய மாதா திருவிழா. ஆகஸ்ட் 5-ம் தேதிதான் உச்சம். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்து பிழைத்த பிள்ளைக்கு, அந்த மாதாவின் பெயரையே சேர்த்து ஜோசப் பனிமயதாஸ் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் கூப்பிட்டது பாபு. பரதவர்கள் தங்களைச் சந்திர குலம் என்று சொல்லிக்கொள்வார்கள். அந்தச் சந்திரனை முன்னால் சேர்த்துக்கொண்டு சந்திரபாபு ஆனார். சினிமாவுக்காக வைத்த பெயர் மாதிரி தெரியும். ஆனா அதுக்குள்ள அவர் ஊரே இருக்கு.

அப்பா ரோட்ரிக்ஸ் சுதந்திரப் போராட்ட வீரர், பத்திரிகையாளர். ஆங்கிலேய அரசு அவரைச் சிறையில் தள்ளியது, சொத்துகளைப் பறித்தது. குடும்பம் கடல் தாண்டி இலங்கைக்குப் போக வேண்டியதாயிற்று. பாபு படித்தது கொழும்பில். 1943-ல் குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியபோது, அவர் கையில் பணம் இல்லை. காதில் மட்டும் மேற்கத்திய இசை நிறைய இருந்தது.

ஒரே மாதம், ரெண்டு ஆரம்பம்

இங்கே ஒரு சுவாரஸ்யமான தற்செயல். பாபு பிறந்த அதே 1927 ஆகஸ்ட் தொடக்கத்தில், அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரத்தில் ஜிம்மி ரோட்ஜர்ஸ் என்ற பாடகர் தன் முதல் இசைத்தட்டுக்காகப் பாடிக்கொண்டிருந்தார். 'யோடலிங்' பாட்டை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோனவர்களில் அவர் முக்கியமானவர்.

யோடலிங்னா என்ன? அடிக்குரலில் பாடிக்கொண்டே இருந்துவிட்டு, சட்டென்று உச்சக் குரலுக்குத் தாவி, அதே வேகத்தில் கீழே இறங்குவது. ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் குரல் கொடுத்த முறை அது. மலையே இல்லாத தூத்துக்குடியில் பிறந்த ஒரு பையன் அதைத் தமிழ்ப் பாட்டுக்குள்ளே கொண்டுவந்தார் என்பதுதான் விஷயம்.

திறக்காத கதவுகள்

1947-ல் 'தன அமராவதி' படத்தில் அறிமுகமானார். அப்புறம்? பெரிதாக ஒன்றுமே நடக்கவில்லை. ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்தார்.

நடிப்புக்கு மட்டுமல்ல, பாட்டுக்கும் அதே கதைதான். இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமனிடம் வாய்ப்புக் கேட்டுப் போனார். அப்போது அங்கே உதவியாளராக இருந்த இளைஞருக்கு அவர் பாடியது பிடிக்கவில்லை. பாடுகிற மாதிரி இல்லை, ஏதோ வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று அபிப்பிராயம் சொல்லிவிட்டார். அந்த இளைஞர் பெயர் எம்.எஸ்.விஸ்வநாதன். ஆமாம், நம்ம எம்.எஸ்.வி.யேதான்.

1952-ல் நிலைமை கைமீறியது. ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ்.வாசனைப் பார்க்கக்கூட முடியாத விரக்தியில், அந்த வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றிவிட்டார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே தீக்குச்சியைக் கொளுத்தித் தன் கையைச் சுட்டுக்கொண்டார். சுட்டது உங்கள் கண்ணுக்குத் தெரியும், வலி எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதை அப்படிப் புரியவைத்தார். அதே ஆண்டு வாசனின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வேடம் கிடைத்தது.

கொஞ்சம் யோசிங்க. அன்றைக்கு யாரும் ஓடிப்போய்க் காப்பாற்றாமல் விட்டிருந்தால், நாம் இன்று கேட்கிற ஒரு பாட்டுகூட இருந்திருக்காது. மனசு அப்படிக் கனமா இருந்தா, தள்ளிப்போடாம 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் பேசுங்க. பக்கத்துல இருக்கிற ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க.

கடல் தாண்டி வந்த குரல்

1954-ல் வந்த ஏவி.எம்-மின் 'பெண்' படத்தில் எஸ்.பாலசந்தருக்காகப் பின்னணி பாடினார். நகைச்சுவை நடிகருக்கு வேறொருவர் பாடுவது சாதாரணம். இங்கே நகைச்சுவை நடிகர், இன்னொரு நடிகருக்குக் குரல் கொடுத்தார். 1957-ல் 'மணமகன் தேவை'யின் 'பம்பரக் கண்ணாலே'. அதே ஆண்டு 'புதையல்' படத்தில் 'உனக்காக'. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டு, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்ன அதே எம்.எஸ்.வி.தான், அந்தக் குரலுக்குப் பொருந்துகிற மெட்டைப் போட்டார். ரெண்டு பேரும் நெருங்கிய நண்பர்களாகவே ஆகிவிட்டார்கள்.

அப்போதெல்லாம் பாட்டு இசைத்தட்டில் வரும். ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம்தான். அந்த நேரத்துக்குள்ள பேசுவார், சிரிப்பார், இழுப்பார், தாவுவார். எல்லாமே அவர் குரல்ல பாட்டாயிடும். அகில இந்திய வானொலி சினிமா பாட்டை ஓரங்கட்டி வைத்திருந்த 1950-களில், தென்கடற்கரை மக்கள் ரேடியோவை இலங்கைக்குத்தான் திருப்பினார்கள். சின்னப் பையனாகக் கடல் தாண்டிப் போனவரின் குரல், பாட்டாகத் திரும்பி ஊருக்கு வந்தது.

1958-ல் 'சபாஷ் மீனா'. அதில் ரெட்டை வேடம். ரிக்‌ஷாக்காரராக வந்து மெட்ராஸ் பாஷையில் வெளுத்துக்கட்டினார். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர்னு சத்தியம் பண்ணாலும் யாரும் நம்ப மாட்டாங்க. அடுத்த ஆண்டு 'மரகதம்', 'சகோதரி' என்று வரிசையாக வந்து, அவர் பெயருக்காகவே தியேட்டருக்குக் கூட்டம் போனது.

தட்டினார், திறக்கவில்லை

உயரம் போன வேகத்திலேயே சறுக்கலும் வந்தது. எம்.ஜி.ஆரை வைத்து அவர் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. போட்ட பணம் போனது. மாடிக்கே கார் ஏறிப்போகிற மாதிரி திட்டமிட்டுக் கட்டிய வீடு கடனில் கைவிட்டுப் போனது. 1966-ல் சாவித்திரியுடன் நடித்து, தானே இயக்கிய படத்துக்கு 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்று பைபிளிலிருந்து பெயர் வைத்தார். அந்தக் கதவும் திறக்கவில்லை. குடி உடம்பைத் தின்றது.

மனதில் பட்டதைப் பட்டென்று பேசுவார், யாராக இருந்தாலும் பணிந்து போக மாட்டார். அந்தப் பிடிவாதம்தான் யாரையும் காப்பியடிக்காத குரலை அவருக்குக் கொடுத்தது. கஷ்டகாலத்தில் கைகொடுக்க ஆள் குறைந்ததற்கும் அதுவே ஒரு காரணம். ரெண்டையும் சேர்த்துத்தான் அவரைப் புரிஞ்சுக்கணும்.

1974 மார்ச் 8-ம் தேதி காலமானார். வயது 46. அவர் ஆசைப்பட்டபடி, உடலை எம்.எஸ்.வி. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிறிது நேரம் வைத்த பிறகுதான், சாந்தோம் அருகே உள்ள கீபிள் ஐலண்ட் கல்லறைக்கு எடுத்துச் சென்றார்கள். முதல்முதலில் வேண்டாம் என்று சொன்னவர் வீட்டு வாசலில்தான் அவருடைய கடைசிப் பயணம் நின்று போனது.

முத்துக்குளிக்கிற ஊர்க்காரங்களுக்கு ஒண்ணு தெரியும். கடலுக்குள்ள மூழ்கி அள்ளிட்டு வர்ற எல்லாச் சிப்பியிலும் முத்து இருக்காது. முதல் சிப்பி வெறுமையா இருந்ததுன்னு யாரும் கடலை விட்டுப் போனதில்ல. இன்னிக்கு ராத்திரி ஹெட்செட் மாட்டிக்கிட்டு 'உனக்காக' பாட்டை ஒருமுறை முழுசா கேளுங்க. வாசிக்கிற மாதிரி இருக்கா, பாடுற மாதிரி இருக்கான்னு நீங்களே சொல்லுங்க.