விக்கெட்டுக்குப் பின் நின்ற வீரர்

கிரிக்கெட் என்றதும் மட்டையாளரையும் பந்து வீச்சாளரையும் போற்றுகிறோம். விக்கெட்டுக்குப் பின்னே குனிந்து நிற்பவரை யார் நினைக்கிறார்கள்? நான் நினைக்கிறேன்; அவர்களுள்ளும் டெட் பூலி என்னும் ஆங்கிலேயரை மறக்க முடியவில்லை.

1842-இல் பிறந்த பூலி, சர்ரே அணியில் டாம் லாக்கியருக்குப் பின் விக்கெட் கீப்பரானார். 1868-இல் ஓவல் மைதானத்தில் சசெக்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 12 பேரை வெளியேற்றினார். 8 கேட்ச், 4 ஸ்டம்பிங்! அந்தச் சாதனை எழுபதாண்டுகள் தனித்து நின்றது. அதற்கு அவர் கொடுத்த விலை முறிந்து கோணிய விரல்கள்.

களத்தில் தளராத அவரைச் சூது வீழ்த்திற்று. 1877-இல் லில்லிவொயிட் அணியுடன் நியூசிலாந்து சென்றார். கிறைஸ்ட்சர்ச்சில் எதிரணியினர் ஒவ்வொருவரும் எடுக்கும் ரன்களைக் கணித்துச் சொல்வதாகப் பந்தயம் கட்டினார். அனைவர் பெயருக்கும் நேரே சுழியம் குறித்தார். பலர் சுழியத்திலேயே வீழ்ந்தனர். தோற்றவர் பணம் தர மறுக்கவே கைகலப்பு மூண்டது, வழக்கும் வந்தது. தோழர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற, பூலி பின்தங்கினார். மார்ச் 15-இல் மெல்போர்னில் வரலாற்றின் முதல் டெஸ்ட் தொடங்கியபோது அவரிடத்தில் நின்றவர் ஜான் செல்பி. பூலிக்கு டெஸ்ட் வாய்ப்பு பிறகு வரவேயில்லை.

முதுமையில் வறுமை வாட்ட, ஏழையர் விடுதியில் தஞ்சம் புகுந்தார். 1907-இல் மறைந்தார்.

சூதாட்டத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் தோழர்களே, ஓவலில் கைதட்டியவர்கள் எத்தனை பேர்! அந்த முறிந்த விரல்களுக்கு முதுமையில் சோறிட்டது ஏழையர் விடுதிதானே? வீரனைக் கொண்டாடும் நாம், ஆட்டம் முடிந்தபின் அவன் வாழ்வையும் எண்ண வேண்டாமா?