தரிகொண்டா வெங்கமாம்பா: இல்லத்தில் வேரூன்றிய யோகம்

திருமலையில் ஒவ்வோர் இரவும் ஏகாந்த சேவையின்போது, தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் மரபில் வந்த தாலாட்டுடன் வேங்கடவன் துயில் கொள்கிறான். அவ்வேளையில் ஒரு பெண்மணியின் பெயராலும் ஆரத்தி காட்டப்படுகிறது. முத்து ஆரத்தி என்று பொருள்படும் ‘முத்யால ஹாரத்தி’ அது. அந்தப் பெருமைக்கு உரியவர் அன்னை தரிகொண்டா வெங்கமாம்பா. அவரைப் பக்தையாகவும் கவியாகவும் பலர் அறிவர். அவர் யோகினியும் ஆவார். அவரது யோக சாதனை தொடங்கியது ஆசிரமத்திலோ மடத்திலோ அல்ல, பிறந்த வீட்டிலேயே.

பின்னாளில் சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக விளங்கிய வாயல்பாட்டுக்கு அருகில் உள்ளது தரிகொண்டா என்னும் சிற்றூர். லட்சுமி நரசிம்மர் கோயில் கொண்டுள்ள அவ்வூரில், கிருஷ்ணையா, மங்கமாம்பா தம்பதியரின் மகளாக 1730-ஆம் ஆண்டு வெங்கமாம்பா அவதரித்தார். சிறுவயதிலேயே இறை நினைவில் தம்மை மறந்திருப்பது அவரது இயல்பாயிற்று. ஊரார் அதைப் பித்து என்றனர். மணம் செய்து வைத்தால் தெளிந்துவிடுவாள் என்று கருதிய பெற்றோர், வேங்கடாசலபதி என்பவருக்கு அவரை மணமுடித்தனர். சில காலத்திலேயே கணவர் காலமானார்.

கைம்பெண்ணின் தலையை மழித்து, பொட்டும் பூவும் வளையலும் களைந்து, அவளை வீட்டின் இருளில் ஒதுக்கி வைப்பது அக்கால வழக்கம். வெங்கமாம்பா அதற்கு இணங்கவில்லை. திருவேங்கடமுடையானே தம் நாயகன். அவன் என்றும் உள்ளவன். ஆகவே தமக்குக் கைம்மை இல்லை என்பது அவரது உறுதி. சமயத் தலைவர் ஒருவர் முன்னிலையில் அவரது தலை மழிக்கப்பட்டதாகவும், நீராடி எழுந்தபோது கூந்தல் முன்போலவே விளங்கியதாகவும் மரபு கூறுகிறது. அற்புதம் ஒருபுறம் இருக்க, ஊர் முழுவதும் எதிர்த்து நின்றபோதும் இளம்பெண் ஒருத்தி தன் சாதனையைக் கைவிடவில்லை என்பதே நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

அந்த உறுதிக்கு வழிகாட்ட ஒரு குருவும் அமைந்தார். மதனப்பள்ளியில் வாழ்ந்த சுப்பிரமணிய தேசிகரிடம் வெங்கமாம்பா உபதேசம் பெற்றார். பெற்றதை இல்லத்திலேயே பயின்றார். இன்று யோகம் என்றதும் பலருக்கு உடற்பயிற்சியே நினைவுக்கு வருகிறது. எட்டு அங்கங்கள் கொண்ட யோகத்தில் ஆசனம் மூன்றாவது படி மட்டுமே. அதற்கு முன்னர் இயமம், நியமம் ஆகிய ஒழுக்கங்கள் உள்ளன. பின்னர் பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்று பாதை நீள்கிறது. வெங்கமாம்பா கைக்கொண்டது இந்த முழுமையான பாதையையே.

வீட்டில் அமைதி கிட்டாதபோது அவர் நரசிம்மர் கோயிலில் உள்ள அனுமன் திருவுருவத்தின் பின்னால் மறைந்து அமர்ந்து தியானிப்பார். அர்ச்சகர் அதைக் கண்டுபிடித்து அவரை வெளியேற்றினார். அந்த இடமும் பறிபோகவே, பிறந்த ஊரைத் துறந்து திருமலை சென்றார். அங்கும் அண்டை வீட்டாரால் இன்னல் நேர்ந்தது. ஆகவே மலைக்காட்டில் உள்ள தும்புரு கோனையை நாடினார். அங்கு ஆறாண்டுகள் தவம் இயற்றியதாக வரலாறு கூறுகிறது. பின்னர் மீண்டும் திருமலைக்கே திரும்பினார்.

யோகப் பயிற்சி உறுதிபெற மூன்று வேண்டும் என்பது பதஞ்சலி முனிவரின் கருத்து: நெடுங்காலம் பயிலுதல், இடைவிடாது பயிலுதல், சிரத்தையோடு பயிலுதல். வசதியான இடம் இம்மூன்றில் இடம்பெறவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். வெங்கமாம்பாவுக்கு இடம் ஒருபோதும் நிலைக்கவில்லை. வீடு, கோயில், மலை, குகை என்று இடங்கள் மாறின, சாதனை மாறவில்லை.

அந்தச் சாதனை நூல்களாகவும் கனிந்தது. இராஜயோகாம்ருதசாரம் என்னும் நூலை அவர் தரிகொண்டாவிலேயே இயற்றி முடித்தார். எதிர்ப்புகளுக்கு நடுவே இல்லத்தில் பயின்ற யோகம் எவ்வளவு முதிர்ந்திருந்தது என்பதற்கு இதுவே சான்று. திருமலையில் வேங்கடாசல மாகாத்மியம், வாசிஷ்ட ராமாயணம், அஷ்டாங்க யோகசாரம், தத்துவக் கீர்த்தனைகள் முதலியவற்றைப் படைத்தார். இராஜயோகாம்ருதசாரமும் வாசிஷ்ட ராமாயணமும் ஈரடிகளால் நடக்கும் ‘த்விபத’ யாப்பில் அமைந்தவை. எளிதில் பாடக்கூடிய அந்தத் தெலுங்கு யாப்பின் வழியாக, வடமொழி அறியாதவர்களின் இல்லங்களுக்கும் யோக ஞானம் சென்று சேர வழி பிறந்தது.

1817-இல் அன்னை திருமலையில் இறைவனோடு ஒன்றினார். அவரது சமாதி இன்றும் அங்கு உள்ளது. 2011-இல் திறக்கப்பட்ட, பக்தர்களுக்கு அன்னப்பிரசாதம் வழங்கும் திருமலையின் பெரிய கூடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒரு காலத்தில் அமர்ந்து தியானிக்க ஓர் இடமின்றி விரட்டப்பட்டவரின் பெயரால், இன்று நாள்தோறும் எண்ணற்றோர் அமர்ந்து உணவு கொள்கின்றனர்.

வீட்டில் தனி அறை இல்லை, சூழல் சரியில்லை, குடும்பத்தார் புரிந்துகொள்வதில்லை என்று சாதனையை நாளைக்கு ஒத்திவைப்போர் பலர். அவர்களுக்கு வெங்கமாம்பாவின் வாழ்க்கை சொல்லும் செய்தி எளியது. கிடைத்த இடத்தில் இன்று அமர வேண்டும். நாளையும் அமர வேண்டும். இடத்தை இறைவன் பார்த்துக்கொள்வான்.