உச்சத்தைக் கண்ட பாஸ்கராச்சாரியார்

திரியாய் விவசாயி ஒருவர் 40 மீற்றர் வேலியைக் கொண்டு செவ்வக வடிவில் காணித்துண்டொன்றை அடைப்பதாக வைத்துக்கொள்வோம். நீளம் 15, அகலம் 5 மீற்றராயின் பரப்பு 75 சதுர மீற்றர்; 11, 9 ஆயின் 99; இரண்டும் 10 ஆயின் 100. அதற்கு மேல் கிட்டாது. உச்சத்தை நெருங்க நெருங்க மாற்றம் குறைந்து, உச்சத்தில் மாற்றவீதம் பூச்சியமாகிறது. உயர்தர மாணவர்கள் இணைந்த கணிதத்தில் பயிலும் இவ்வுண்மையை 12ஆம் நூற்றாண்டிலேயே கோள்களின் இயக்கத்தில் கண்டுகொண்டவர் பாஸ்கராச்சாரியார்.

1114ஆம் ஆண்டு பிறந்த அவருக்குத் தந்தை மகேஸ்வரரே ஆசான். 36ஆவது வயதில், 1150இல், 'சித்தாந்த சிரோமணி'யை யாத்தார். அதன் நான்கு பகுதிகளுள் லீலாவதி எண்கணிதத்தையும் பீஜகணிதம் அட்சரகணிதத்தையும் கூற, ஏனைய இரண்டும் வானியலை ஆராய்ந்தன. விரைந்து நகரும் சந்திரனின் நிலையை அறிய ஒரு நாளின் சராசரி வேகம் போதாதென உணர்ந்த அவர், கணநேர வேகத்தைக் கணித்தார். கோளொன்றின் சராசரி நிலைக்கும் உண்மை நிலைக்குமிடையிலான வேறுபாடு உச்சமடையுமிடத்தில் வேகத்திற்கான திருத்தம் பூச்சியமாகும் என்று காட்டினார். எல்லாச் சார்புகளுக்குமான பொதுவிதியாக அதனை அவர் வகுக்கவில்லை. அப்பணி 17ஆம் நூற்றாண்டில் பேர்மா, நியூட்டன், லைப்னிட்ஸ் ஆகியோருக்காகக் காத்திருந்தது.

அதே 12ஆம் நூற்றாண்டில் பாரசீகத்து அறிஞர் ஷரபுத்தீன் அத்தூஸி, முப்படிச் சமன்பாடுகளுக்குத் தீர்வுண்டா என்றறிய, அட்சரகணிதக் கோவைகளின் அதியுயர் பெறுமானத்தை நாடினார் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

பாஸ்கரரின் நூல்கள் அவரோடு மறையவில்லை. அவற்றைக் கற்பிப்பதற்கென அவரது பேரர் சாங்கதேவர் நிறுவிய மடத்திற்கு 1207இல் மானியம் வழங்கப்பட்டது. பேரரசர் அக்பரின் பணிப்பின்பேரில் அரசவைக் கவிஞர் பைஸி 1587இல் லீலாவதியைப் பாரசீகத்தில் பெயர்த்தார். தாஜ்மஹாலை வடிவமைத்தவராகக் கருதப்படும் உஸ்தாத் அஹமத் லாஹூரியின் புதல்வர் அதாவுல்லாஹ், பீஜகணிதத்தைப் பெயர்த்து ஷாஜஹானுக்குக் காணிக்கையாக்கினார். 1813இல் வெளியான பீஜகணிதத்தின் ஆங்கில வடிவம் இத்தகைய பாரசீகப் பெயர்ப்பின் வழியே வந்ததாகும்.

இது எவருடைய அறிவு என்று உரிமை கோரிப் பிணங்குவோர் இன்றும் உளர். பிராமண அறிஞரின் நூலை முஸ்லிம் அறிஞர் சுமந்து சென்றது, அது பரந்த உலகை எட்டத் துணைநின்றது. திருகோணமலை மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் ஒரே மொழியில், ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதுகின்றனர். அவர்கள் இருசாராருக்கும் இவ்வரலாறு பொதுச்சொத்து. அதனைப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர்களின் கடனாகும்.