ஐம்பது பவுணுக்குக் கைமாறிய நாவல்

துப்பறியும் இலக்கியம் என்றதும் ஷெர்லாக் ஹோம்ஸின் பெயரே எமது நினைவுக்கு வரும். ஆயினும், ஹோம்ஸ் அச்சில் தோன்றுவதற்கு ஓராண்டு முன்னரே குடியேற்ற நாடொன்றிலிருந்து எழுந்து ஆங்கில வாசகர் உலகை ஈர்த்த நாவல் ஒன்றுண்டு. அதனை எழுதியவர் பேர்கஸ் ஹியூம்.

1859ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்த ஹியூம், குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் நியூசிலாந்தின் டனீடின் நகருக்குக் குடிபெயர்ந்தார். ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, 1885இல் வழக்கறிஞராக அனுமதி பெற்றார். எனினும் அவரது உள்ளம் நாடகத்தையே நாடியது. அதே ஆண்டில் கடல் கடந்து அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரை அடைந்தார். அங்கு வழக்கறிஞராகத் தொழில் புரியவில்லை. சட்ட அலுவலகத்தில் எழுதுவினைஞராகவே பணியாற்றினார். கற்ற கல்விக்கு ஒவ்வாத வேலையில் அமர்வது என்னவென்பது புலம்பெயர்ந்த எமக்கு விளக்கப்பட வேண்டியதன்று.

அவரது நாடகங்களை அரங்கேற்ற எவரும் முன்வரவில்லை. முதலில் பெயர் பெறவேண்டும் என்று கருதிய அவர், எத்தகைய நூல்கள் அதிகம் விற்பனையாகின்றன என ஒரு புத்தக வணிகரிடம் வினவினார். பிரெஞ்சு எழுத்தாளர் கபோரியோவின் குற்றப் புனைவுகள் என்று விடை கிடைத்தது. அவற்றை வாங்கிப் படித்தார். நகரின் வறிய சந்துகளை நேரில் சென்று கண்டார். குதிரை வண்டிக்குள் ஒருவர் குளோரோபோம் கொண்டு கொல்லப்படுவதை மையமாக வைத்து, 'ஹான்சம் வண்டி மர்மம்' என்ற நாவலை எழுதி முடித்தார்.

பதிப்பாளர்கள் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பினர். குடியேற்ற நாட்டவரால் படிக்கத் தகுந்த எதையும் எழுதமுடியாது என்பதே அக்கால எண்ணம். ஹியூம் தளரவில்லை. 1886இல் தாமே பதிப்பாளராகிச் சொந்தச் செலவில் 5,000 பிரதிகளை அச்சிட்டார். அவை விரைவிலேயே விற்றுத் தீர்ந்தன.

வெற்றி கைக்கெட்டிய வேளையில்தான் அவர் பெருந்தவறு இழைத்தார். நூலின் உரிமையை வெறும் 50 பவுணுக்கு விற்றுவிட்டார். வாங்கியோர் 1887இல் இலண்டனில் அதனை வெளியிட்டனர். இலட்சக்கணக்கான பிரதிகள் விற்பனையாகின. அப்பெரும் வருவாயில் ஆசிரியருக்குப் பங்கு எதுவும் இல்லை. ஒப்பந்தங்களின் நுட்பம் அறிந்த ஒரு சட்டத்தரணிக்கே இக்கதி நேர்ந்தது என்பது சிந்தனைக்குரியது. 1886இல் கொனன் டொயிலும் தமது முதல் ஹோம்ஸ் கதையின் உரிமையை 25 பவுணுக்கே கொடுத்தார். ஆனால் ஹோம்ஸ் என்ற பாத்திரம் அவருடனேயே இருந்தது. பிந்திய கதைகள் அந்த இழப்பை ஈடு செய்தன. ஹியூமுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

1888இல் இங்கிலாந்து திரும்பிய அவர், எசெக்ஸ் மாவட்டத்தின் தண்டர்ஸ்லியில் வாழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். அவற்றுள் எதுவும் முதல் நூலின் புகழை எட்டவில்லை. 1932இல் எளிய நிலையிலேயே காலமானார்.

அவரது நாவலோ அழியவில்லை. 2012இலும் அது அவுஸ்திரேலியத் தொலைக்காட்சியில் திரைப்படமாயிற்று. தன்மீது நம்பிக்கை வைத்துத் தானே அச்சேற்றிய துணிவை ஹியூமிடமிருந்து நாம் கற்கலாம். அத்துணிவின் பயனை அவசரத்தில் பிறர் கையில் ஒப்படைத்துவிடக் கூடாது என்பதையும் அவரிடமிருந்தே கற்கவேண்டும்.