வழிப்போக்கர்களின் வீட்டுக்காரர் ஆர்ஷக் சார்க்கீஸ்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு லெபோ ஆச்சே பக்கம் நடப்பவர்களுக்கு லெபோ ஆர்மினியன் தெரியாமல் இருக்காது. ஆனால் அந்தப் பெயருக்குரிய ஆர்மினியர்கள் யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் விழிப்பார்கள். சென்னையிலும் இவர்களுக்கு ஒரு தெரு உண்டு. ஆர்மினியன் என்பது நம் மக்கள் வாயில் திரிந்து, அது அரண்மனைக்காரன் தெருவாகிவிட்டது. அரண்மனை எதுவும் அங்கே இல்லை. சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்க 1726இல் பாலம் கட்டியவரும் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மினிய வணிகரே. நம் மரைக்காயர்களைப் போலவே கடலை நம்பிப் பிழைத்த சிறு கூட்டம் அது. அந்தக் கூட்டத்தில் வந்து, பினாங்கின் பெயரை உலகம் முழுவதும் கொண்டு சென்றவர் ஆர்ஷக் சார்க்கீஸ். பொன்விழா மலரில் அவருக்கு ஏன் இடம் என்று கேட்போர் கேட்கலாம். வழிப்போக்கரை உபசரிப்பது நமக்கும் கடமை என்பதால், அந்தக் கடமையையே தொழிலாகக் கொண்டு உயர்ந்து, அதிலேயே நொடித்தும் போன ஒருவரின் வாழ்வை நாம் அறிந்துகொள்வது நல்லது.

பாரசீகத்தின் இஸ்பஹான் நகருக்கு வெளியே நியூ ஜுல்ஃபா என்று ஒரு குடியிருப்பு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷா அப்பாஸ் மன்னர் ஆர்மினியர்களை அங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார். அந்த வழியில் வந்த சார்க்கீஸ் குடும்பத்தின் நான்கு சகோதரர்கள் மார்ட்டின், டிக்ரான், அவியத், ஆர்ஷக். 1868இல் பிறந்த ஆர்ஷக்தான் கடைக்குட்டி.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐரோப்பாவிலிருந்து கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று கப்பல்கள் வரிசையாக வரத் தொடங்கின. நிலத்தில் சாலையோரம் சத்திரங்கள் எழுவதுபோல, அந்தக் கடல்வழியில் துறைமுகம்தோறும் ஓட்டல்கள் எழுந்தன. மூத்தவர்கள் இருவரும் 1884இல் பினாங்கில் ஈஸ்டர்ன் ஓட்டலையும், அடுத்த ஆண்டு ஓரியண்டல் ஓட்டலையும் தொடங்கினர். இரண்டும் பின்னர் ஒன்றாகி ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஆயிற்று. அதைத்தான் நாம் இ அண்ட் ஓ என்கிறோம். 1887 டிசம்பரில் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஓட்டல் திறந்தது. அது இருந்த இடம் அரபு வணிகர் செய்யது முகம்மது அல்சகோஃப் அவர்களுக்குச் சொந்தமானது. 1901இல் ரங்கூனில் ஸ்ட்ராண்ட் ஓட்டல். ஆக, நம்மவர்கள் சபுர் போன துறைமுகங்களில் எல்லாம் சார்க்கீஸ் சகோதரர்களின் பெயரும் இருந்தது.

ஆனால் அந்த ஓட்டல்கள் நம்மவர்கள் தங்குவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர், ஊர்க்காரர் கடையின் மேல்மாடியில் பாய் விரித்துப் படுத்தார். ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர் லெபோ ஆச்சேயில், 1808இல் எழுந்த பள்ளிவாசலைச் சுற்றியிருந்த வீடுகளில் கப்பல் வரும்வரை காத்திருந்தார். வட மலாயா, சுமத்ரா, தென் சயாம் எனப் பல திசையிலிருந்தும் வந்த ஹாஜிகள் அங்கே தங்கினர். துரைமார் இறங்கியது ஃபார்க்குவார் தெருவில். ஒரே கடல்வழி, ஒரே துறைமுகம், ஆனால் படுக்கை வேறு வேறு.

1890களில் பினாங்கு வந்து சேர்ந்த ஆர்ஷக், இ அண்ட் ஓவின் பொறுப்பை ஏற்று, இறுதிவரை இந்த ஊரைவிட்டு நகரவில்லை. தம் ஓட்டலில் அவர் முதலாளி போல உட்கார்ந்திருக்கவில்லை. வந்தவர் ஒவ்வொருவரையும் தம் வீட்டு விருந்தாளியாக நடத்தினார். நடன மண்டபத்தில் தலையில் மதுக்கிண்ணத்தை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் ஆடிக் காட்டுவாராம். நமக்கு உடன்பாடில்லாத காரியம்தான். ஆனாலும் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று தெரிய அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவரைப் பற்றி இன்றும் பேசப்படுவது கடன் விஷயம். கெடா, புரொவின்ஸ் வெல்லெஸ்லி தோட்டத்துரைகள் வாரக்கணக்கில் தங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கணக்கில் எழுதச் சொல்லிப் போவார்கள். ஆர்ஷக் நெருக்கிக் கேட்கமாட்டார். வேலை இழந்து நின்றவர்களுக்குக் கப்பல் கூலியும் கொடுத்து அனுப்பினார் என்பார்கள். ஓட்டலின் பெயரில் உள்ள ஆங்கில எழுத்துகள் இரண்டையும் தின்பதற்கும் கடன்படுவதற்குமாக விரித்து, சாப்பிட்டவர்களே கேலி பேசினார்கள்.

அண்ணன்மார் இருவரும் 1912இல் மறைந்தார்கள். 1923இல் அவியத்தும் போனார். அதே ஆண்டில்தான் விக்டரி அனெக்ஸ் என்ற புதிய பகுதி எழுந்தது. கடலோரமாக 842 அடி நீண்ட முகப்பு. உலகில் வேறெந்த ஓட்டலுக்கும் இவ்வளவு நீளம் இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். வெந்நீரும் தண்ணீரும் குழாயில் வந்தன. அறைக்குள்ளேயே தொலைபேசி இருந்தது. சாமர்செட் மாம் போன்ற எழுத்தாளர்கள் அங்கே தங்கினார்கள். கொடிமலையில் கிரேக் ஓட்டலையும் சார்க்கீஸ் நிறுவனமே நடத்தியது. மலை ரயில் வருமுன், நாற்காலியில் உட்காரவைத்து ஆள்கள் தோளில் சுமந்துதான் விருந்தினரை மேலே கொண்டுபோனார்கள்.

1925இல் உச்சத்திலிருந்த ரப்பர் விலை, 1929க்குப் பின் படுத்துவிட்டது. துரைமார் கையில் காசில்லை. ஓட்டலைப் புதுப்பிக்க வாங்கிய கடன் மட்டும் நின்றது. 1931 ஜனவரி 9ஆம் நாள் ஆர்ஷக் பினாங்கில் காலமானார். இறுதி ஊர்வலத்தில் ஊரே திரண்டது. அவர் போன சில மாதங்களிலேயே சார்க்கீஸ் பிரதர்ஸ் நிறுவனம் திவாலாகி நீதிமன்றத்தில் நின்றது. அவர் உயிரோடு இருந்தவரை கணக்குப் புத்தகத்தின் உண்மை நிலை வெளியே தெரியவில்லை.

அவரை வள்ளல் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. கடன்பட்டவனுக்குத் தவணை கொடுப்பது பெரிய குணம். ஐயமில்லை. ஆனால் அவர் கொடுத்ததில் ஒரு பங்கு, அவருக்குக் கடன் தந்தவர்களின் பணம். தோட்டத்துரை இ அண்ட் ஓவில் செலவழித்த வெள்ளியோ, விடியற்காலையில் பால் வெட்டப் போன நம் தமிழ்ச் சனங்களின் உழைப்பு. அதே மந்தத்தில் வேலை போன தோட்டத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களுக்குக் கணக்கில் எழுதிக்கொண்டு சோறு போட எந்த ஓட்டலும் இருக்கவில்லை. இதற்கு ஆர்ஷக்கைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் வாசலுக்கு வந்தவனை அவர் திருப்பவில்லை. யார் அந்த வாசலுக்கு வரலாம் என்பதைக் காலனி ஆட்சியின் வழக்கம் முன்பே முடிவு செய்திருந்தது.

1933இல் ராஃபிள்ஸ் தனிக் கம்பெனியாகிச் சார்க்கீஸ் குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. இ அண்ட் ஓவும் கைமாறியது. 1996இல் மூடி, பழுது பார்த்து, 2001இல் மீண்டும் திறந்தார்கள். அங்குள்ள உணவகத்துக்குச் சார்க்கீஸ் என்றே பெயர். இன்று கையில் காசிருந்தால் யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து, அந்த நீளக் கடற்சுவருக்கு அப்பால் கெடா மலையைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள்.