நோயாளியைத் தேடிச் சென்ற மருத்துவர்

நோயுற்றவரை நாடிச் சென்று நலம் விசாரிப்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமை. அதையே காசநோய்த் தடுப்பு முறையாக ஆக்கியவர் ஸ்காட்லாந்து மருத்துவர் சர் ராபர்ட் பிலிப் (1857–1939).

இந்நோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலம் அது. 1887இல் எடின்பரோ நகரில், காசநோய்க்கென உலகின் முதல் மருந்தகத்தை அவர் தொடங்கினார். நோயாளியின் வீட்டுக்கே ஆளனுப்பிக் காற்றோட்டத்தையும் படுக்கும் இடத்தையும் பார்க்கச் செய்தார். உடன் வாழ்வோரையும் சோதித்தார். நோய் கண்டால் நகரச் சுகாதார அதிகாரிக்கு அறிவிப்பது 1907இல் அங்கு கட்டாயமாயிற்று.

மறைக்கப்படும் நோய் பிள்ளைகளையும் பற்றும். ஆகவே, இன்று குடும்பத்தோடு பரிசோதனைக்கு அழைத்தால் வெட்கப்படாமல் செல்வோம். நோயுற்ற அண்டை வீட்டாரை ஒதுக்காதிருப்போம்.